ஒரே தரு, மூன்று விடைகள்: பெயர்வெளியை எல்லா வினவல் மொழிகளிலும் ஒரே சீராகக் கையாள்வது எப்படி?

களரிப்பித்தன் (கல்லடி, மட்டக்களப்பு) கேட்டது:

அனைவருக்கும் வணக்கம். நாங்கள் நால்வர் சேர்ந்து, எங்கள் பக்கத்து அண்ணாவிமார் (கூத்துப் பழக்கும் ஆசிரியர்கள்) சிலரிடம் இருந்த கூத்துக் கொப்பிகளைத் தட்டெழுதி எக்ஸ்எம்எல் (உரையின் கூறுகளைக் குறிச்சொல்லிட்டு வைக்கும் வடிவம்) கோப்புகளாக மாற்றி வருகிறோம். இதுவரை 14 கொப்பிகள் முடிந்துள்ளன. அவற்றில் 9 வடமோடி, 5 தென்மோடி (இவை எங்கள் கூத்தின் இரு மரபுகள்). ஆங்கிலக் குறிச்சொற்கள் தட்டெழுதும் பிள்ளைகளுக்கு விளங்காது என்பதால் கூத்து, வரவு, தரு (கூத்துப் பாட்டு), விருத்தம், கொச்சகம், வசனம் என்று எல்லாவற்றையும் தமிழிலேயே வைத்தோம். எக்ஸ்எம்எல் அதற்கு இடங்கொடுக்கிறது.

வடமோடிக் கொப்பிகளைத் தட்டெழுதியவர்களும் தென்மோடிக் கொப்பிகளைத் தட்டெழுதியவர்களும் வெவ்வேறு ஆட்கள். பக்கப்பாட்டுக்காரர் பாடும் வரிகளை ஒரு சாரார் 'தரு' உறுப்புக்குள்ளேயே (அதன் தொடக்க, முடிவுக் குறிச்சொற்களுக்கு இடையே) வைத்தார்கள், மற்றச் சாரார் அதற்கு வெளியே தனி உறுப்பாக வைத்தார்கள். ஆகவே பெயர் ஒன்றாக இருந்தாலும் பொருள் ஒன்றல்ல என்று கருதி, இரண்டுக்கும் தனித்தனிப் பெயர்வெளி (ஒரு பெயர் எந்தத் தொகுதிக்கு உரியது என்று பிரித்துக் காட்டும் அடையாளம்) கொடுத்து, எல்லாவற்றையும் அடக்கும் 'கூத்து' என்ற வேர் உறுப்பிலேயே அதை இயல்புநிலைப் பெயர்வெளியாக (முன்னொட்டில்லாத உறுப்புகளுக்குத் தானாகச் செல்வதாக) அறிவித்துவிட்டோம். நூலகக் குறிப்புகளுக்கு டப்ளின் கோர் என்ற பொது நியமத்தின் உறுப்புகளை முன்னொட்டுடன் சேர்த்திருக்கிறோம்.

இனித்தான் என் தலைவலி. ஒரு வடமோடிக் கோப்பில், உறுப்புகளைத் தேடும் மொழியான எக்ஸ்பாத் 1.0 கொண்டு //தரு என்று தேடினால் ஒன்றும் வருவதில்லை, வழுச்செய்தியும் இல்லை. கோப்புகளை உலாவியில் திறந்து, தோற்றத்தைத் தீர்மானிக்கும் சிஎஸ்எஸ் பாணித்தாளில் 'தரு' என்று மட்டும் எழுதி நிறம் கொடுத்தால், வடமோடி தென்மோடி என்ற பேதமில்லாமல் எல்லாத் தருக்களும் நிறம் மாறுகின்றன. பேஸ்எக்ஸ் என்ற எக்ஸ்எம்எல் தரவுத்தளத்தில் எக்ஸ்குவெரி என்ற மொழியில் வினவல் எழுதி, மேலே வடமோடியை இயல்புநிலைப் பெயர்வெளியாக அறிவித்தால் 118 தருக்கள் கிடைக்கின்றன, ஆனால் அதே வினவலை எச்ரிஎம்எல் பக்கமாக வெளியிடுவதற்காக ஓர் எச்ரிஎம்எல் உறுப்புக்குள் தூக்கி வைத்தவுடன் சுழியம் ஆகிவிடுகிறது. இதற்கிடையில் @இராகம் என்ற பண்பை (தொடக்கக் குறிச்சொல்லுக்குள் எழுதும் துணை விவரத்தை) மட்டும் எங்கே, எப்படிக் கேட்டாலும் முன்னொட்டில்லாமலே எடுத்துத் தருகிறது. 'எல்லாவற்றுக்கும் முன்னொட்டு வைத்தால் சரி' என்று யாரோ சொன்னதைக் கேட்டு அதற்கும் முன்னொட்டு வைத்தேன், அன்றிலிருந்து அதுவும் வருவதில்லை.

நால்வரும் நான்கு மொழியில் வேலை செய்கிறோம். எல்லா மொழிக்கும் பொருந்தும்படி ஒரே வழக்கம் ஒன்றை நாங்களே எழுதி வைத்துக்கொள்ள முடியுமா, அல்லது ஒவ்வொரு நியமத்துக்கும் ஒவ்வொரு விதி என்று மனப்பாடம் செய்யத்தான் வேண்டுமா?

முன்மாரி (களுவாஞ்சிகுடி) எழுதியது:

தம்பி, உங்கள் நான்கு அனுபவங்களும் அந்தந்த நியமத்தின்படி சரியானவை. கருவிகளில் பிழையில்லை என்பதை முதலில் மனத்தில் கொள்ளுங்கள். குழப்பம் முழுவதும் ஒரே ஓர் இடத்தில் இருக்கிறது: முன்னொட்டில்லாத மொட்டைப் பெயரை ஒவ்வொரு மொழியும் எந்தப் பெயர்வெளியில் கொண்டுபோய்ச் சேர்க்கிறது என்பதே அது. முன்னொட்டு உள்ள பெயரில் இந்த மொழிகளுக்குள் சண்டை கிடையாது.

களுவாஞ்சிகுடியில் இறங்கி ஓட்டோக்காரரிடம் 'பிள்ளையார் கோயிலடிக்கு விடுங்கோ' என்று சொன்னால் என்ன நடக்கும்? ஒருவர் 'எந்த ஊர்ப் பிள்ளையார் என்று சொல்லாவிட்டால் எனக்கு அப்படி ஒரு கோயில் இல்லை' என்பார். இன்னொருவர் வழியில் உள்ள எல்லாப் பிள்ளையாரையும் காட்டுவார். மூன்றாமவர் நீங்கள் நிற்கும் தெருவில் உள்ள கோயிலைத்தான் சொல்கிறீர்கள் என்று எடுத்துக்கொள்வார். முதலாமவர் எக்ஸ்பாத் 1.0, இரண்டாமவர் சிஎஸ்எஸ், மூன்றாமவர் எக்ஸ்குவெரி.

இப்படி ஆனதற்கு வரலாற்றுக் காரணம் உண்டு. எக்ஸ்எம்எல் 1.0 வெளிவந்தது 1998 பெப்ரவரியில். அதில் பெயர்வெளிக்கு விதி எதுவும் இல்லை, முக்காற்புள்ளியைப் பின்னொருநாள் அதற்கு உதவும் என்று ஒதுக்கி வைத்திருந்தார்கள், அவ்வளவுதான். பெயர்வெளி நியமம் 1999 ஜனவரியில் தனியாக வந்து மேலே ஒட்டிக்கொண்டது. அதன்படி ஓர் உறுப்பின் உண்மையான பெயர் இரண்டு துண்டுகளால் ஆன ஒரு சோடி: பெயர்வெளியின் யூஆர்ஐ (இணைய முகவரி போன்ற அடையாளம்) ஒன்று, 'தரு' போன்ற உள்ளூர்ப் பெயர் மற்றொன்று. முன்னொட்டு என்பது அந்த நீண்ட யூஆர்ஐயைத் திரும்பத் திரும்ப எழுதாமல் இருக்க வைத்துக்கொண்ட சுருக்கம் மட்டுமே. கோப்பில் முன்னொட்டே இல்லாவிட்டாலும் உங்கள் வினவலில் 'வட' என்ற முன்னொட்டை அதே யூஆர்ஐயுடன் கட்டி //வட:தரு என்று தேடலாம். கோப்பில் 'அ' என்றும் வினவலில் 'ஆ' என்றும் இருந்தாலும் பரவாயில்லை. யூஆர்ஐ பொருந்தினால் பெயர் பொருந்தும்.

பண்புகளுக்கு வருவோம். இயல்புநிலைப் பெயர்வெளி உறுப்புகளுக்கு மட்டுமே செல்லும் என்று அந்த நியமமே சொல்கிறது. முன்னொட்டில்லாத பண்பு எந்தப் பெயர்வெளியிலும் இல்லை, அது தன் உறுப்புக்குச் சொந்தமான வீட்டுப் பெயர். ஆகவே @இராகம் எங்கும் வருவதும், @வட:இராகம் எங்கும் வராததும் ஒரே விதியின் இரண்டு பக்கங்கள். அந்த முன்னொட்டை எடுத்துவிடுங்கள். எக்ஸ்எம்எல் என்ற முன்னொட்டு மட்டும் விதிவிலக்கு: மொழியைக் குறிக்கும் பண்பு, அடையாளத்தைக் குறிக்கும் பண்பு ஆகியவற்றில் வரும் அது, யாரும் அறிவிக்காமலே தன் பெயர்வெளியுடன் நிரந்தரமாகக் கட்டப்பட்டது.

எக்ஸ்பாத் 1.0, எக்ஸ்எஸ்எல்ரி (எக்ஸ்எம்எல்லை வேறு வடிவத்துக்கு மாற்றும் மொழி) 1.0 இரண்டும் 1999 நவம்பர் 16ஆம் திகதி ஒன்றாக வெளிவந்தன. எக்ஸ்பாத்தில் மொட்டைப் பெயர் என்றால் 'எந்தப் பெயர்வெளியிலும் இல்லாத பெயர்' என்று வைத்தார்கள். பலர் இதைத் திட்டுவார்கள், எனக்கு இதில் நியாயம் தெரிகிறது. எக்ஸ்பாத் வாக்கியம் எக்ஸ்எஸ்எல்ரி கோப்பின் ஒரு பண்புக்குள் வாழ்கிறது. அந்தக் கோப்பில் நீங்கள் வெளியீட்டுக்காக எக்ஸ்எச்ரிஎம்எல்லை (எக்ஸ்எம்எல் இலக்கணப்படி எழுதும் எச்ரிஎம்எல்லை) இயல்புநிலையாக அறிவித்திருப்பீர்கள். அந்த அறிவிப்பு தேடலையும் பாதித்தால், வெளியே எழுதுவதற்காகச் செய்த காரியம் உள்ளே வாசிப்பதைக் கெடுத்துவிடும். அதைத் தவிர்க்கவே அப்படி வைத்தார்கள் என்று நான் விளங்கிக்கொள்கிறேன். 2007இல் வந்த எக்ஸ்எஸ்எல்ரி 2.0 எக்ஸ்பாத்துக்கென்று தனி இயல்புநிலைப் பெயர்வெளியை அறிவிக்கும் வசதியைக் கொடுத்து, வாசிப்பையும் எழுத்தையும் பிரித்துவிட்டது.

அதே 2007 ஜனவரியில் வெளிவந்த எக்ஸ்குவெரி 1.0 அந்தப் பிரிவினையைச் செய்யவில்லை. அங்கே ஓர் இயல்புநிலை உறுப்புப் பெயர்வெளிதான் உண்டு, அது தேடும் பெயருக்கும் கட்டும் உறுப்புக்கும் ஒருசேரச் செல்லும். வினவலுக்கு நடுவே எக்ஸ்எச்ரிஎம்எல்லை இயல்புநிலையாக அறிவித்து ஓர் உறுப்பைக் கட்டினால், அதற்குள் நெளிவு அடைப்பில் வரும் //தரு 'எக்ஸ்எச்ரிஎம்எல் பெயர்வெளியில் உள்ள தரு' என்று மாறிவிடும். அப்படி ஒன்று உலகத்திலேயே இல்லை. உங்கள் 118 சுழியம் ஆனது இதனால்தான். தேடலை முதலில் ஒரு மாறிக்குள் எடுத்து வைத்துவிட்டு, பிறகு எச்ரிஎம்எல் உறுப்புக்குள் மாறியை மட்டும் வைத்தால் தப்பலாம். ஆனால் ஒருநாள் மறப்பீர்கள். முன்னொட்டைக் கட்டி //வட:தரு என்று எழுதிவிட்டால் வினவலை எங்கே தூக்கி வைத்தாலும் அது அதேதான்.

ஆகவே உங்கள் கேள்விக்கு என் விடை: ஆவணத்தை எழுதும்போது இயல்புநிலைப் பெயர்வெளி வைத்துக்கொள்ளுங்கள், தட்டெழுதும் பிள்ளைகளுக்கு அது வசதி. வினவலில், எந்த மொழியானாலும், உறுப்புக்கு மொட்டைப் பெயர் எழுதவே எழுதாதீர்கள்.

தறிமேடை (மருதமுனை) எழுதியது:

அக்கா சொன்னதை ஏற்றுக்கொண்டு, உலாவிப் பக்கத்தை மட்டும் நான் நிரப்புகிறேன், ஏனென்றால் என் சோறு அதில்தான்.

சிஎஸ்எஸ்ஸில் மொட்டைப் பெயர் எப்போதும் எல்லாவற்றையும் பிடிக்கும் என்று எடுத்துக்கொள்ள வேண்டாம். பாணித்தாளின் தலைப்பில் இயல்புநிலைப் பெயர்வெளியை அறிவிக்காவிட்டால்தான் அது எந்தப் பெயர்வெளியில் உள்ள தருவையும் பிடிக்கும். அறிவித்துவிட்டால் அதே மொட்டைப் பெயர் அந்த ஒரு பெயர்வெளிக்குள் சுருங்கிவிடும். அதாவது நண்பர் ஒருவர் பாணித்தாளின் மேலே ஒரே ஒரு வரியைச் சேர்த்தால், கீழே யாரும் தொடாத நூறு வரிகளின் பொருள் மாறிவிடுகிறது. முன்னொட்டுக்கும் பெயருக்கும் இடையே இங்கே முக்காற்புள்ளி வராது, அதை 'மேலே சுட்டி வைத்தால்' போன்ற நிலைகளைக் குறிக்க சிஎஸ்எஸ் ஏற்கெனவே எடுத்துக்கொண்டுவிட்டதால், நெட்டைக்கோடு போட வேண்டும்: வட|தரு. முன்னால் எதுவும் இல்லாமல் |தரு என்றால் பெயர்வெளி அற்ற தரு, *|தரு என்றால் எந்தப் பெயர்வெளியானாலும் சரி. பண்புகளுக்கு இங்கும் இயல்புநிலை செல்லாது. இந்த ஒரு விடயத்தில் எல்லா நியமமும் ஒரே வாய்.

இன்னும் இரண்டு பொறிகள் உண்டு. சிஎஸ்எஸ் தேர்விகளைக் கொண்டு ஜாவாஸ்கிரிப்டில் உறுப்பைத் தேடும் செயற்கூற்றுக்கு முன்னொட்டை யூஆர்ஐயுடன் கட்டிக்கொடுக்க வழியே கிடையாது. வட|தரு என்று கொடுத்தால் வழு எறியும். அங்கே பெயர்வெளியையும் உள்ளூர்ப் பெயரையும் இரண்டு தனித்தனி உள்ளீடுகளாக வாங்கும் பழைய டொம் (ஆவணத்தை நிரல்கள் கையாள்வதற்கான இடைமுகம்) செயற்கூற்றையே நான் பயன்படுத்துகிறேன். அது 2000ஆம் ஆண்டு வந்த டொம் இரண்டாம் நிலையிலிருந்தே இருக்கிறது, உள்ளதில் மிக நேர்மையான இடைமுகம் அதுதான், ஏனென்றால் முன்னொட்டு என்ற சுருக்கமே அதில் இல்லை.

அடுத்தது, நீங்கள் வெளியிடும் எச்ரிஎம்எல் பக்கத்தின் மேல் எக்ஸ்பாத் ஓட்டினால் மொட்டைப் பெயர் வேலை செய்யும், அதைப் பார்த்து 'எக்ஸ்பாத் 1.0 திருந்திவிட்டது' என்று நம்பிவிடாதீர்கள். எச்ரிஎம்எல் பகுப்பி (கோப்பை வாசித்து உறுப்புகளாகப் பிரிக்கும் மென்பொருள்) எல்லா எச்ரிஎம்எல் உறுப்பையும் எக்ஸ்எச்ரிஎம்எல் பெயர்வெளிக்குள் போடுகிறது. அப்படிப் போட்டால் பழைய எக்ஸ்பாத் வாக்கியங்கள் எல்லாம் செத்துவிடும் என்பதால், எச்ரிஎம்எல் ஆவணத்தில் மட்டும் மொட்டைப் பெயர் எக்ஸ்எச்ரிஎம்எல் உறுப்பைப் பிடிக்கும் என்று, எக்ஸ்பாத் விதியைத் தெரிந்தே மீறுவதாக எச்ரிஎம்எல் நியமம் வெளிப்படையாகச் சொல்கிறது. அதே பக்கத்தை எக்ஸ்எம்எல்லாகப் பரிமாறினால் அந்தச் சலுகை இல்லை.

புன்னைக்குடாக் காற்று (ஏறாவூர்) எழுதியது:

மன்னிக்க வேண்டும், இவ்வளவு பாடம் எதற்கு? எக்ஸ்பாத் 2.0 முதல் *:தரு என்று எழுதலாம். 1.0ஆக இருந்தால் உள்ளூர்ப் பெயரை மட்டும் ஒப்பிடும் செயற்கூறு இருக்கிறது. நான் என் வேலையில் வரும் எல்லாக் கோப்புகளையும் இப்படித்தான் துழாவுகிறேன், சில வேளைகளில் பெயர்வெளி அறிவிப்புகளையே முன்கூட்டி வெட்டி எறிந்துவிட்டு ஆரம்பிக்கிறேன். வேலை முடிகிறது, வாடிக்கையாளரும் காசு தருகிறார்.

முன்மாரி எழுதியது:

புதிதாக வந்த ஒரு கோப்பில் என்ன இருக்கிறது என்று முகர்ந்து பார்க்க *:தரு நல்லது, நானும் அதைத்தான் செய்கிறேன். ஆனால் இந்தத் தம்பியின் கோப்புகளில் இரண்டு விதமான தரு உண்டு, ஒன்றில் பக்கப்பாட்டு உள்ளே இருக்கிறது, மற்றதில் வெளியே. நட்சத்திரம் போட்டு இரண்டையும் சேர்த்து வரி எண்ணினால், வடமோடித் தரு தென்மோடித் தருவைவிட நீளம் என்று ஒரு கண்டுபிடிப்பு பிறக்கும், யாராவது அதைக் கட்டுரையாகவும் எழுதுவார்கள், கேட்கும் அண்ணாவியார் சிரிப்பார். பெயர்வெளி அறிவிப்பை வெட்டி எறிவதில் இன்னும் ஒரு கேடு உண்டு. பண்பின் மதிப்புக்குள் முன்னொட்டுள்ள பெயர் இருந்தால், அந்த முன்னொட்டு எதைக் குறிக்கிறது என்பது அறிவிப்போடு சேர்ந்து போய்விடும்.

களரிப்பித்தன் எழுதியது:

அக்காவுக்கும் நானாவுக்கும் நன்றி. கடைசியில் சொன்ன கேடு எங்களுக்கு ஏற்கெனவே நடந்திருக்கிறது என்று இப்போதுதான் விளங்குகிறது. தருவின் வகையைக் குறிக்க, பண்பின் மதிப்பாக வட:போர்த்தரு என்று எழுதியிருந்தோம். எங்களில் ஒருவர் பைதன் நிரல்மொழியில் உள்ள எலிமென்ட்ரீ என்ற நிரல்தொகுப்பைக் கொண்டு கோப்பைத் திறந்து, ஒரு எழுத்துப்பிழையை மட்டும் திருத்திச் சேமித்தார். திரும்பத் திறந்து பார்த்தபோது எல்லா உறுப்புக்கும் முன்னால் 'என்எஸ்0' என்று ஏதோ முளைத்திருந்தது, 'வட' என்ற முன்னொட்டின் அறிவிப்பைக் காணவில்லை. பண்புக்குள் மட்டும் வட:போர்த்தரு அநாதையாக நின்றது.

அக்காவின் சொற்படி எல்லா வினவலையும் முன்னொட்டுடன் மாற்றி எழுதினேன். இப்போது எச்ரிஎம்எல்லுக்குள் வைத்தாலும் வெளியே வைத்தாலும் 118 என்ற எண் மாறாமல் வருகிறது. ஆனால் நான் கொப்பிகளைப் பார்த்துக் கையால் எண்ணி வைத்த கணக்கு 171. தட்டெழுதும்போது விட்டுவிட்டார்கள் என்றுதான் இவ்வளவு நாளும் பிள்ளைகளைக் கடிந்துகொண்டேன். கொச்சகத்திலும் இதே போல் குறைகிறது. கோப்பைத் திறந்து கண்ணால் பார்த்தால் எல்லாம் இருக்கின்றன.

ஒலுவில் வெளிச்சவீடு எழுதியது:

பிள்ளைகளிடம் மன்னிப்புக் கேட்கத் தயாராகுங்கள். எனக்கு இரண்டு சந்தேகங்கள்.

முதலாவது, 9 கோப்புகளிலும் உள்ள பெயர்வெளி யூஆர்ஐ எழுத்துக்கு எழுத்து ஒன்றுதானா என்று பாருங்கள். அது முகவரி போலத் தோன்றினாலும் யாரும் அதைப் போய்த் திறப்பதில்லை. நியமத்தின்படி அது ஒரு சரம் (வெறும் எழுத்துத்தொடர்), இரண்டு சரங்கள் எழுத்துக்கு எழுத்து ஒன்றாக இருந்தால் மட்டுமே ஒரே பெயர்வெளி. கடைசியில் ஒரு சாய்கோடு கூடினால் வேறு, பெரிய எழுத்துச் சிறிய எழுத்து மாறினால் வேறு. அலைக்குறியை (~) அப்படியே எழுதுவதும், அதை விழுக்காட்டுக் குறியிட்டு (%7E என்று) எழுதுவதும், அந்தக் குறியீட்டில் பதினறுமக் கூறைச் சிறிய எழுத்தில் எழுதுவதும் பெரிய எழுத்தில் எழுதுவதும் எல்லாம் வெவ்வேறு பெயர்வெளிகள் என்று நியமமே எடுத்துக்காட்டுடன் சொல்கிறது. உலாவிக்கு அவை எல்லாம் ஒரே இடத்துக்குப் போகும் முகவரிகள் என்பதால்தான் ஆட்கள் ஏமாறுகிறார்கள். இதே காரணத்தால் யூஆர்ஐக்குள் 'வடமோடி' என்று தமிழில் எழுத வேண்டாம் என்பேன். பெயர்வெளி 1.0 யூஆர்ஐயைத்தான் கேட்கிறது, தமிழெழுத்தை விழுக்காட்டுக் குறியிட்டே அதில் வைக்க வேண்டும், முகவரிப் பட்டையிலிருந்து ஒருவர் நகலெடுக்கும்போது ஒரு வடிவம் வரும், கையால் எழுதும் இன்னொருவருக்கு வேறு வடிவம் வரும். 2004இல் வந்த 1.1 பதிப்பு தமிழெழுத்தை நேரடியாக அனுமதிக்கிறது, ஆனால் அது எக்ஸ்எம்எல் 1.1 கோப்புகளுக்கு உரியது, அவற்றை நடைமுறையில் யாரும் எழுதுவதில்லை.

இரண்டாவது நம் மொழிக்கே உரிய சங்கடம். 'கொச்சகம்' என்பதன் முதலெழுத்தை யூனிகோடில் இரண்டு விதமாக எழுதலாம்: ககரத்துக்குப் பின் ஒகரக் குறியை ஒரே குறியெண்ணாக வைப்பது ஒன்று, ககரத்துக்குப் பின் எகரக் கொம்பையும் காலையும் இரண்டு குறியெண்களாக வைப்பது மற்றொன்று. திரையில் இரண்டும் ஒன்று போலவே தெரியும். ஓகாரமும் ஔகாரமும் இப்படியே. யூனிகோடின்படி இவை சமமானவை, ஆனால் எக்ஸ்எம்எல் அந்தச் சமத்துவத்தைக் கணக்கில் எடுப்பதில்லை. குறியெண்கள் வேறாக இருந்தால் பெயர்கள் வேறு என்று 1998இலேயே எழுதிவிட்டார்கள். பழைய தட்டச்சு முறையில் பழகியவர் கொம்பையும் காலையும் தனித்தனியாகத் தட்டினால், சில மென்பொருள்கள் அவற்றை அப்படியே சேமிக்கும். தரு, விருத்தம், வசனம், வரவு இவற்றில் அந்த ஒலி இல்லாததால் தப்பின, 'கொச்சகம்' அகப்பட்டது. எல்லாக் கோப்புகளையும், வினவல்களையும் சேர்த்து, என்எஃப்சி வடிவத்துக்கு (சமமான எழுத்துகளை ஒரே குறியெண்ணில் சேர்க்கும் யூனிகோட் இயல்பாக்கத்துக்கு) ஒருமுறை மாற்றுங்கள்.

என்எஃப்சி தீர்க்காத ஒன்றும் உண்டு. 'ஸ்ரீ' என்ற எழுத்தைச் சிலர் ஸகரத்தில் தொடங்கித் தட்டுகிறார்கள், சிலர் 2005இல் யூனிகோட் 4.1இல் சேர்ந்த ஶகரத்தில் தொடங்கித் தட்டுகிறார்கள். இவை சமமானவை அல்ல, ஆகவே எந்த இயல்பாக்கமும் இவற்றை ஒன்றாக்காது. அத்துடன், 2008 நவம்பரில் வந்த எக்ஸ்எம்எல் 1.0இன் ஐந்தாம் பதிப்புக்கு முன்னைய விதிப்படி இயங்கும் பகுப்பிகள் அந்த ஶகரத்தைக் குறிச்சொல் பெயரில் ஏற்கவே மாட்டா. குறிச்சொற்களில் கிரந்தத்தைத் தவிர்த்துவிடுங்கள். தமிழ்ப்பற்றை முன்னிட்டு இதைச் சொல்லவில்லை.

வட்டவிதானை (அக்கரைப்பற்று) எழுதியது:

சாய்கோடு பற்றிப் பேச்சு வந்ததால், அது வேண்டுமா வேண்டாமா என்று முடிவெடுப்பதற்கு முன் ஒரு வார்த்தை. இந்தக் கொப்பிகளின் விவரங்களை என்றாவது ஆர்டிஎஃப் (விவரங்களை ஒன்றோடொன்று இணைத்து வைக்கும் தரவு வடிவம்) ஆக மாற்றி, அதற்குரிய வினவல் மொழியான ஸ்பார்க்யூஎல் கொண்டு வினவும் எண்ணம் இருந்தால், அங்கே முன்னொட்டு என்பது முற்றிலும் வேறு பிராணி. எக்ஸ்எம்எல்லில் பெயர் ஒரு சோடி என்று மேலே சொன்னார்கள். ஸ்பார்க்யூஎல்லில் சோடி கிடையாது. முன்னொட்டுக்குரிய சரத்தோடு உள்ளூர்ப் பெயரை இடைவெளியில்லாமல் ஒட்டி, கிடைக்கும் ஒற்றைச் சரமே பெயர். உங்கள் யூஆர்ஐ சாய்கோடில்லாமல் 'வடமோடி' என்று முடிந்தால், வட:தரு என்பது 'வடமோடிதரு' என்று ஒட்டிப்போகும். ஆகவே சாய்கோடு அல்லது கட்டக்குறியில் (#) முடியும் யூஆர்ஐயை இன்றே தேர்ந்துகொள்ளுங்கள். எக்ஸ்எம்எல்லுக்கு எப்படி முடிந்தாலும் கவலையில்லை, ஆர்டிஎஃபுக்கு உண்டு. ஒன்றைத் தொட்டு இரண்டையும் திருப்திப்படுத்தக்கூடிய அரிதான இடம் இது.

மொட்டைப் பெயர் விடயத்தில் ஸ்பார்க்யூஎல் கறாரானது, அதனால் எனக்குப் பிடித்தமானது. முன்னொட்டில்லாமல் 'தரு' என்று எழுதினால் வாக்கியமே செல்லாது, உடனே வழு வரும். முன்னொட்டை வெறுமையாக விட்டு :தரு என்று எழுதலாம், ஆனால் அந்த வெறுமையையும் நீங்கள் அறிவித்திருக்க வேண்டும். எக்ஸ்பாத்தும் இப்படி வாய்திறந்து சொல்லியிருந்தால் தம்பி பிள்ளைகளைக் கடிந்திருக்க மாட்டார்.

டப்ளின் கோர் பயன்படுத்துவதாகச் சொன்னீர்கள். அதற்கு இரண்டு பெயர்வெளிகள் உண்டு: பதினைந்து உறுப்புகள் கொண்ட பழைய 1.1, பின்னர் வந்த 'கலைச்சொற்கள்' என்ற விரிந்த தொகுதி. 'தலைப்பு', 'ஆக்கியோன்' ஆகியவை இரண்டிலும் ஒரே உள்ளூர்ப் பெயரில் இருக்கின்றன. இரண்டையும் கலந்து வைத்திருந்தால் அங்கும் பாதிதான் கிடைக்கும்.

நான் நீர்ப்பாசன வரைபடங்களோடு மல்லுக்கட்டுபவன், அங்கேயும் இதே கதை. பழைய கேஎம்எல் (வரைபடத் தரவுக்கான எக்ஸ்எம்எல் வடிவம்) கோப்புகள் கூகிள் எர்த் பெயர்வெளியில் இருக்கும், ஓஜிசி என்ற நில வரைபட நியம அமைப்பு அதை நியமமாக ஏற்ற பின் வந்த 2.2 கோப்புகள் ஓஜிசி பெயர்வெளியில் இருக்கும். கண்ணுக்கு ஒரே குறிச்சொற்கள். ஒரு வட்டையின் (வயல்வெளியின்) வாய்க்கால்கள் முழுவதும் வரைபடத்தில் காணாமல் போய், நானே மோட்டார் சைக்கிளில் போய்ப் பார்த்து, வாய்க்கால் அதே இடத்தில் ஓடுவதைக் கண்டு திரும்பியிருக்கிறேன்.

தரவுத்தளத்தில் வைப்பதானால் இன்னொன்று. தரவுத்தள வினவல் மொழியான எஸ்க்யூஎல்லின் நியமம் எக்ஸ்எம்எல் வினவலுக்கு இயல்புநிலைப் பெயர்வெளியை அறிவிக்க இடம் வைத்திருக்கிறது, மைக்ரோசொப்ட் எஸ்க்யூஎல் சேர்வர் அதை ஏற்கும், போஸ்ட்கிறெஸ் தரவுத்தளத்தின் எக்ஸ்எம்எல் அட்டவணைச் செயற்கூறு ஏற்காது, பெயருள்ள முன்னொட்டு மட்டும்தான். பைதனின் எல்எக்ஸ்எம்எல் நிரல்தொகுப்பும் எக்ஸ்பாத்தில் வெற்று முன்னொட்டை மறுத்துவிடும். முன்மாரி அக்கா சொன்ன வழக்கம் இவை எல்லாவற்றிலும் மாற்றமின்றிச் செல்லும் என்பதற்கு இவையும் சாட்சி.

தறிமேடை எழுதியது:

ஒரு சிறு சேர்க்கை. எக்ஸ்பாத் 3.0 முதல், முன்னொட்டே இல்லாமல், Q என்ற எழுத்தையடுத்து யூஆர்ஐயை நெளிவு அடைப்புக்குள் முழுதாக எழுதி அதையடுத்து உள்ளூர்ப் பெயரை எழுதலாம். ஜேம்ஸ் கிளார்க் 1999இல் பெயர்வெளியை விளக்குவதற்காகப் பயன்படுத்திய குறியீட்டின் வழியில் வந்தது அது. நிரலே வினவலை உருவாக்கும் இடங்களில் அதுதான் பாதுகாப்பு. கையால் எழுத வேண்டாம், கண் நோகும்.

களரிப்பித்தன் எழுதியது:

கண்டுபிடித்துவிட்டோம். 9 வடமோடிக் கோப்புகளில் 3 கோப்புகளின் யூஆர்ஐ சாய்கோட்டில் முடிகிறது, மற்ற 6 அப்படி முடிவதில்லை. அந்த மூன்றும் ஒரே பிள்ளை தட்டெழுதியவை. முகவரியை உலாவியில் ஒருமுறை திறந்து பார்த்துவிட்டு அங்கிருந்து நகலெடுத்திருக்கிறாள், உலாவி சாய்கோட்டைச் சேர்த்துக் கொடுத்திருக்கிறது. வட்டவிதானை அண்ணன் சொன்ன காரணத்துக்காக, சரியாக இருந்த ஆறையும் விட்டுவிட்டு அவளுடைய மூன்றையே நியமமாக வைத்து, எல்லாவற்றையும் சாய்கோட்டில் முடியும்படி மாற்றிவிட்டோம். அவளுக்குப் பெரிய சந்தோஷம்.

என்எஃப்சி மாற்றத்துக்குப் பின் கொச்சகமும் 33இலிருந்து 40 ஆகி, என் கைக்கணக்குடன் ஒத்துப்போகிறது. கொம்பும் காலும் பிரிந்திருந்த ஏழும் பழைய கணினியில் தட்டெழுதிய ஒரே கொப்பிக்கு உரியவை.

எழுதி வைத்த வழக்கம் அரைப் பக்கம்கூட வரவில்லை. முன்னொட்டுக்கும் யூஆர்ஐக்கும் உரிய ஒரே ஒரு அட்டவணைக் கோப்பு இருக்கும், எந்த மொழியில் வினவல் எழுதினாலும் அதிலிருந்தே நகலெடுக்க வேண்டும், யூஆர்ஐயை யாரும் கையால் தட்டக்கூடாது. வினவலில் உறுப்புக்கு எப்போதும் முன்னொட்டு, பண்புக்கு ஒருபோதும் இல்லை. சிஎஸ்எஸ்ஸில் இயல்புநிலைப் பெயர்வெளி அறிவிப்பதில்லை, நெட்டைக்கோட்டு வடிவம் மட்டும். பண்பின் மதிப்புக்குள் முன்னொட்டு வைக்கும் பழக்கத்தை விட்டு, வகையை வெறும் 'போர்த்தரு' என்று எழுதுகிறோம். புதிய கோப்பு வந்தவுடன், அதில் என்னென்ன பெயர்வெளி யூஆர்ஐகள் உள்ளன என்று பட்டியலிடும் ஒரு சிறிய வினவலை ஓட்டி, அட்டவணையில் இல்லாத ஒன்று தென்பட்டால் கோப்பைத் திருப்பி அனுப்புகிறோம். புன்னைக்குடா நண்பரின் நட்சத்திரத்துக்கும் இடம் கொடுத்திருக்கிறோம்: *:தரு தரும் எண்ணும், வடமோடி தென்மோடி இரண்டையும் தனித்தனியே எண்ணிக் கூட்டிய எண்ணும் வேறுபட்டால் எங்கோ ஒரு பெயர்வெளி தவறியிருக்கிறது என்று அர்த்தம்.

வடமோடித் தரு இப்போது 172 வருகிறது. என் கைக்கணக்கு 171. அந்த ஒன்றைத் தேடி நேற்று இரவு கொப்பிகளை மறுபடி புரட்டினேன். ஒரு கொப்பியின் நடுவே கறையான் அரித்த தாளின் பின்புறத்தில் அது இருந்தது. தட்டெழுதியவள் கண்டிருக்கிறாள், நான் எண்ணும்போது அந்தத் தாளைப் புரட்டவே இல்லை.